உன் தூண்டில் பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, விடு" என்று சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போன தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்திருந்தபோது கராஜில் ஏணி போட்டு ஏறி உன் பச்சைப் பெட்டியைத் தேடினாய் அல்லவா? நானும் கீழே நின்றுகொண்டு "எங்கே போயிருக்கும்" என்று தேடினேன். அது அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீ மினியாபொலிஸ் போன கோடையில் கராஜ் சேல் போட்டோம். பழைய மிக்ஸி, அப்பாவின் டென்னிஸ் மட்டை, கூடவே உன் தூண்டில் பெட்டி. 5 டாலர் என்று எழுதி ஒட்டியிருந்தேன். வாங்கியவர் மூடியைத் திறந்து பார்த்தார், பேரம் பேசவில்லை, காசைக் கொடுத்துவிட்டு வேகமாக நடந்து போய்விட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்போது நானே கடைக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கும்போதுதான் தெரிகிறது, தூண்டிலில் மாட்டும் ஒரு ரப்பர் தவளையே 10 டாலர். உன் பெட்டியில் மட்டும் ஏழெட்டுத் தவளை இருந்திருக்கும்.

ஆமாம், நான் வாங்குகிறேன். அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அப்பா உன்னிடம் இழுத்து இழுத்துச் சொன்னாரே, அது இதுதான்.

உன் தூண்டில் கம்பை, அந்த ராடை, அன்று யாரும் வாங்கவில்லை, அதனால் தப்பியது. போன வசந்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருக்கோடிக் குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எத்தனை நாள் வெறும் கையோடு சுற்றுவது? ஒரு சனிக்கிழமை உன் ராடை எடுத்துக்கொண்டு போனேன். அந்தக் குளம் இந்த வீடுகளெல்லாம் வருவதற்கு முன்னால் மாடுகளுக்காக வெட்டியதாம். டெக்சஸ்காரர்கள் அந்த மாதிரிக் குளத்தை "டாங்க்" என்றுதான் சொல்கிறார்கள். நம்ம ஊர் கண்மாய்க்கு வெள்ளைக்காரன் கணக்கில் எழுதி வைத்த பெயரும் அதுதான். அது தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

மீதிப் பயம் முடிச்சுப் போடுவதில் இருந்தது. குளத்தங்கரையில் தினமும் மடக்கு நாற்காலி போட்டு உட்காரும் ஒரு தாத்தா சொல்லிக் கொடுத்தார். தோட்டா மாதிரி இருக்கும் ஈயத்தை முதலில் தங்கூசியில் கோர்க்க வேண்டும், அப்புறம் முள். ரப்பர் புழுவின் தலையில் முள்ளைக் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, நுனியை மறுபடி அதன் உடம்புக்குள்ளேயே ஒளித்துவிட வேண்டும். அப்போதுதான் பாசியில் மாட்டாதாம். டெக்சஸ் ரிக் என்றார். உன் பள்ளிக்கூட மாறுவேஷத்துக்கெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணி வரை தைத்த கை இது. ரெண்டாவது தடவையிலேயே சரியாக வந்துவிட்டது.

பிடிப்பதுதான் வரவில்லை. நான் தக்கை முங்குவதைப் பார்த்து வளர்ந்தவள். இதில் தக்கை கிடையாது. விரலில் லேசாக "டக்" என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். சில சமயம் அதுவும் இல்லை, தங்கூசி தன்பாட்டுக்கு ஒரு பக்கமாக நகரும். அந்த நொடியில் இழுக்க வேண்டும். முதல் மீனுக்கு நான் ஊர்ப் பழக்கத்தில் காத்திருந்துவிட்டேன். அது முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிட்டது. பிடுங்கினால் குடலோடு வரும், தங்கூசியை வெட்டிவிட்டுத் தண்ணீரில் விடுங்கள் என்றார் தாத்தா. விட்டேன். அன்றைக்கு ராத்திரி மீன் குழம்பு வைக்கலாம் என்று நினைத்திருந்தவள் ரசம் வைத்தேன்.

அந்த ராத்திரிதான் உன் பதினாலு வயசு ஞாபகத்துக்கு வந்தது. கால் முழுக்கச் சேறோடு ஓடி வந்து போனில் ஒரு மீன் படத்தைக் காட்டினாய். "மீன் எங்கே?" என்று கேட்டேன். விட்டுவிட்டேன் என்றாய். விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும், அந்த நேரத்தில் காலேஜ் நுழைவுத் தேர்வு எஸ்.ஏ.டி.க்குப் படித்திருக்கலாமே, திங்காத மீனைக் குத்திப் பார்ப்பது என்ன விளையாட்டு, பாவமில்லையா என்று வரிசையாகப் பேசினேன். அதற்கப்புறம் நீ என்னிடம் மீன் படம் எதுவும் காட்டவில்லை. நானும் அது நின்றுபோனதாகவே நினைத்துக்கொண்டேன்.

நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று இப்போது யோசிக்கிறேன். எங்கள் கண்மாய் கோடையில் வற்றிவிடும். அறுவடை முடிந்து, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழா என்று தண்டோரா போடுவார்கள். விடியற்காலையில் சுத்துப்பட்டுச் சனமெல்லாம் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாகக் கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் உள்ளே இறங்கும். ஒரு விராலைப் பிடித்துவிட்டுத் திரும்ப விடுவதாவது? விட்டால் பத்து நாளில் வெடித்த சேற்றில் அது கருவாடு. இங்கே தண்ணீர் வற்றுவதில்லை. விட்ட மீன் அடுத்த வருஷமும் இருக்கும், பத்து வருஷம்கூட இருக்கும், பெருக்கும். உன் கணக்கு வேறு, என் கணக்கு வேறு. இதை அன்றைக்கே நீ சொல்லியிருந்தாலும் நான் காது கொடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

அக்டோபரில் தாத்தாவும் அவர் மகளும் என்னை லேக் ஃபோர்க்குக்குக் கூட்டிப் போனார்கள். 30 டாலர் கொடுத்து லைசென்ஸ் எடுத்தேன், பர்ஸில் வைத்திருக்கிறேன், வந்தால் பார். கிழக்கே ஒன்றரை மணி நேரம். 1980-ல் தண்ணீர் தேக்கிய நீர்த்தேக்கம், 27,000 ஏக்கருக்கு மேல். மரங்களை வெட்டாமலேயே பல இடத்தில் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு மேலே பட்டுப்போன மரங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது, ஆனால் மீனுக்கு அதுதான் வீடு. இங்கே எல்லாரும் தூண்டில் போடுவது பாஸ் என்கிற மீனுக்குத்தான். டெக்சஸிலேயே பெரிய பாஸ் 1992 ஜனவரியில் அங்கேதான் பிடிபட்டது. 18.18 பவுண்டு, எட்டு கிலோவுக்கு மேல்! அங்கே 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் நடுவில் இருப்பதை எடுக்கவே கூடாது, விட்டுவிட வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். நான்தான் இப்போது ஒன்றாம் வகுப்பு.

ஆனால் இதை என் வாயால் சொல்ல வேண்டும். பெரிசெல்லாம் பொம்பளை மீன்தானாம். ஆண் மீன் ஐந்து பவுண்டைத் தாண்டுவதே அபூர்வம். மாசி பங்குனியில் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதும் ஆண் கரையோரம் வந்து வாலால் தரையைக் கூட்டிக் குழி பண்ணும், பெண் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் ஆண்தான். அப்பாவிடம் சொன்னேன். "அதுதான் அது இளைச்சுப் போயிருக்கு" என்றார். அப்புறம் ஒரு திட்டம் இருக்கிறது, 1986-லிருந்து நடக்கிறது. 13 பவுண்டுக்குக் குறையாத மீனைச் சீசனில் உயிரோடு பிடித்துச் சொன்னால் அரசாங்கத்து ஆட்கள் தொட்டி வண்டியோடு வந்து டெக்சஸிலேயே இருக்கும் ஏதென்ஸ் என்ற ஊருக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே முட்டையிட வைத்து, திரும்பக் கொண்டுவந்து அதே ஏரியில் விடுகிறார்கள். தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போய் வருவது மாதிரி! அந்தத் திட்டத்தின் முதல் மீன் லேக் ஃபோர்க்கில் பிடித்தது, எத்தல் என்று பெயர். அது ஏரிக்குத் திரும்பவில்லை. மிசௌரியில் ஒரு கடைத் தொட்டியில் 1994 வரை உயிரோடு இருந்ததாம். எனக்கு ஃபோர்க்கில் கிடைத்தது ஒரே ஒரு மீன், ஒன்றரை பவுண்டு. கையை நனைத்துக்கொண்டுதான் தொட்டேன், வழவழப்பு போனால் அதற்கு நோய் வரும் என்று தாத்தா சொல்லியிருந்தார். கட்டை விரலை வாய்க்குள் விட்டால் பல் உப்புக் காகிதம் மாதிரி இருந்தது. நானேதான் விட்டேன். யாரும் சொல்லவில்லை.

சரி, இப்போது உன்னோடு ஒரு சண்டை. நம் தெருக்கோடிக் குளத்தில் "பிடித்தால் விடு" என்று பலகை வைத்திருக்கிறார்கள். பல வருஷமாக எல்லாரும் விடுகிறார்கள். விளைவு என்ன தெரியுமா? எதைப் பிடித்தாலும் பத்து பதினோரு அங்குலம். தலை பெரிசு, உடம்பு ஒட்டிப் போயிருக்கிறது. சின்னக் குளத்தில் வாய்கள் அதிகமாகி, இரையாக இருந்த புளூகில் என்ற சின்ன மீன்களையெல்லாம் பாஸ் தின்று தீர்த்துவிட்டு எல்லாமே பட்டினி. இந்த மாதிரிக் குளத்தில் சின்ன பாஸை வருஷா வருஷம் கொஞ்சம் எடுத்தால்தான் மிச்சம் வளரும், மீன் படித்தவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆக, ஏரியில் நீ சொன்னது சரி, இந்தக் குளத்தில் நான் கேட்டது சரி. குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். ஒருவர் கொட்டாவி விட்டார், அடுத்ததாக வேலியின் பெயிண்ட் நிறம் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். நான் விடப்போவதில்லை. பலகை மாறும் அன்றைக்கு முதல் நாலு மீனை மஞ்சளும் மிளகாயும் தடவி வறுக்கிறேன். வெள்ளைச் சதை, முள் அதிகம் இல்லை என்கிறார் தாத்தா. விரால் அளவுக்கு வராது என்பது பார்க்காமலேயே தெரியும்.

அங்கே உன் ஏரிகள் இன்னும் கல்லாகக் கிடக்கும். ஐஸில் ஓட்டை போட்டு உட்கார்ந்தால் காதை மூடிக்கொள். மார்ச் கடைசியில் நாலு நாள் லீவு கிடைத்தால் இங்கே வா. குளத்தின் வடக்குக் கரையில் ஆழமில்லாத இடத்தில் வட்ட வட்டமாக வெளுத்த குழிகள் தெரிய ஆரம்பிக்கும். அதன் மேல் தூண்டில் போடுவது நியாயமா என்று தாத்தாவுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நீ வந்து தீர்ப்புச் சொல்.

புதுப் பெட்டி வாங்கி உன் மேல்தட்டிலேயே வைத்திருக்கிறேன், அதே பச்சை கிடைக்கவில்லை, சாம்பல் நிறம். தவளை இரண்டு, புழுவில் கரும்பச்சை ஒரு பாக்கெட், ஊதா ஒரு பாக்கெட். பழையதில் வேறு என்னென்ன இருந்தது என்று எழுதி அனுப்பு. உன் ராடின் நுனி வளையம் உடைந்திருக்கிறது. அது கார் கதவு. கதவைச் சாத்தியது அப்பா.

அன்புடன்,
அம்மா