போன் எடுக்க அப்பாவுக்குக் கொஞ்சம் நேரமாகும்

அன்புள்ள கண்ணா,

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ அவசரத்தில் இருப்பாய், நானும் வழக்கம்போல இருமல் விட்டதா, நேரத்துக்குத் தூங்குகிறாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இது அப்படிப் பேசித் தீர்கிற விஷயம் இல்லை.

உனக்குப் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கா சொன்னாள். எனக்கு ரொம்பப் பெருமை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் அதை அக்கா சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? சரி, விடு. உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவிடம் ஒரு தடவை பேசு.

அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். நடக்கிறார், பேப்பர் படிக்கிறார், மாத்திரையை மட்டும் நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நீ பயப்பட ஒன்றும் இல்லை. பத்திர விஷயத்தில் அன்றைக்கு அவர் சொன்னதும் தப்பு, நீ திருப்பிச் சொன்னதும் தப்பு, இரண்டையும் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒரு தடவை பேசு.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிடுகிறேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். "வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவான், வேண்டாம்" என்றார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மூக்குக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இதைத் துடைக்க ஒரு... ஒரு..." என்றார். துணி என்ற சொல் வரவில்லை. அப்புறம் எதுவுமே வரவில்லை. என்னைப் பார்த்து என்னவோ சொன்னார், ஒன்றும் சொல்லாகவே இல்லை. வலது கையிலிருந்து கண்ணாடி நழுவிக் கீழே விழுந்தது, அது விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் இருக்கும், வண்டி வருவதற்குள் எல்லாம் திரும்பிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்றவரைப் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். மூளைக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் அடைபட்டுத் தானாக விலகியிருக்கிறது, சரியாகிவிட்டது என்று சும்மா இருக்கக் கூடாது, இதற்குப் பின்னால் பெரிய பக்கவாதம் வரலாம், முதல் 2 நாள் ரொம்பக் கவனம், அதற்குப் பிறகும் 90 நாள் வரை கவனம் என்றார் டாக்டர். முகம் கோணினாலோ, கையைத் தூக்க முடியாவிட்டாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும், அடைப்பைக் கரைக்கிற ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். எனக்கு இதெல்லாம் இப்போது மனப்பாடம். காலையில் அவர் கண் விழித்ததும் எதையாவது கேட்டு வாயைத் திறக்க வைக்கிறேன், பதில் நேராக வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். என்னவோ ஏதோ என்று வெளியே நின்று கேட்டேன். மெதுவாகப் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயர், அக்கா பெயர், உன் பெயர். உன் பெயரை மூன்று தடவை சொன்னார்.

எதையும் தேடிப் படிக்காமல் எனக்கு நிம்மதி கிடையாது, உனக்குத்தான் தெரியுமே. 1861-ல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்திருக்கிறார். 21 வருஷமாகப் பேச்சு இல்லாத மனிதர். அடுத்தவர் சொல்வது அநேகமாக எல்லாம் புரியும், பதிலுக்கு 'டான்' என்ற ஓசைதான் வரும். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வந்து விழுமாம். அவர் இறந்த பிறகு பார்த்தால் மூளையின் இடது முன்பக்கம் கெட்டுப்போயிருந்தது. படித்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை. உங்கப்பாவுக்கும் கோபம்தான் முதலில் வாய்க்கு வரும், மற்றதெல்லாம் உள்ளேயே கிடக்கும். அதெல்லாம் வெளியே வராமலே போய்விட்டால்?

உங்கள் இரண்டு பேரையும் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன செய்தேன்? "அப்பா உன்னைக் கேட்டார்" என்று நான் சொன்னதில் பாதி நானாகச் சொன்னது. "அவன் உங்களை விசாரித்தான்" என்று அவரிடம் சொன்னதும் அப்படித்தான். நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன், ஆனால் அதைக் கேட்டே இரண்டு பேரும் சமாதானமாகி, நேரில் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. அதையாவது மன்னிக்கலாம். அவர் ஒரு தடவை நிஜமாகவே சொன்னார் கண்ணா. உன் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அவனிடம் சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. அந்த வாரம் நான் எத்தனை தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை, எனக்கு உன் மேல் கோபம். கோபம் தணிந்ததும் சொல்லலாம் என்று விட்டேன், அப்புறம் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று பயந்தேன். எட்டு மாதம் அதை நானே வைத்துக்கொண்டிருந்தேன். அது உனக்குச் சேர வேண்டியது. அன்று அவர் வாய் குழறி நின்றபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான். என்னை மன்னித்துவிடு.

பெரிதாக எதுவும் பேச வேண்டாம். பத்திரப் பேச்சை எடுக்கவே எடுக்காதே. 'அப்பா, உங்க ஞாபகமாவே இருக்கு' என்று சொல்லு, போதும். அவர் 'ம்' என்பார். உடனே வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு. உடம்பு விஷயம் உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு நான் மாடிக்குத் துணி காயப்போடப் போவேன், போனை அவர் நாற்காலிப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் போவேன். எடுக்கவில்லை என்று கட் பண்ணிவிடாதே, அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, யார் என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

அம்மா