செயலாளரின் ஆண்டறிக்கை: ரியோ டின்டோ சுரங்க ரயில்பாதை ஆய்வு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல பாதைகளைப் பற்றி மேலோட்டமாகப் பேசுவதை விடுத்து, கைவிடப்பட்ட சுரங்க ரயில்பாதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். ஸ்பெயின் நாட்டின் தென்மேற்கே, ரியோ டின்டோ சுரங்கங்களிலிருந்து உவெல்வா துறைமுகம் வரை ஓடிய 84 கிலோமீட்டர் பாதையைச் செயற்குழு தேர்ந்தெடுத்தது. அவ்வளவு தொலைவில் உள்ள பாதை நமக்கு எதற்கு என்று உறுப்பினர் சிலர் கேட்டது நியாயமான கேள்வியே. அந்தப் பாதையின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்லே புரூஸ், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, 1853 முதல் 1856 வரை மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை அவர் பொறுப்பில் உருவானதுதான். உடல்நலம் குன்றி அதே ஆண்டு அவர் ஊர் திரும்பினார். இந்தத் தொடர்பைச் சொன்ன பிறகு அந்தக் கேள்வி மீண்டும் எழவில்லை.

முதல் அமர்வில் பாதை பிறந்த கதையைப் படித்தோம். ரோமானியர் காலத்துக்கும் முன்பிருந்தே தாது தோண்டப்பட்ட இந்தச் சுரங்கங்களைக் கடன் சுமையில் தவித்த ஸ்பானிய அரசு 1873ஆம் ஆண்டு விற்றது. ஹியூ மேத்திசன் தலைமையில் லண்டனில் கூடிய முதலீட்டாளர்கள் அவற்றை வாங்கி ரியோ டின்டோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மலையில் தாது மலிந்து கிடந்தாலும் அதைக் கடலுக்குக் கொண்டுசேர்க்க வழி இல்லாத வரை அதற்கு விலை இல்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அதனால் சுரங்கம் கைக்கு வந்த அதே ஆண்டில் பாதை வேலை தொடங்கி, 1875 ஜூலையில் முடிந்தது. ஸ்பெயினின் அகலப்பாதையை விட்டுவிட்டு, தண்டவாள இடைவெளி 1067 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள குறும்பாதையையே தேர்ந்தெடுத்தார்கள். ஆற்றுப் பள்ளத்தாக்கின் கூர்மையான வளைவுகளோடு ஒட்டிச் செல்ல அது வசதியாக இருந்தது. பாதையை ஒட்டி ஓடும் டின்டோ ஆறு இரும்பும் கந்தகமும் கலந்து செக்கச் சிவந்த நிறத்தில் ஓடுவது. அதன் அமிலத்தன்மை கொதிகலனின் உலோகத்தை அரித்துவிடும் என்பதால், கண்ணெதிரே ஆறு ஓடியும் நீராவி இன்ஜினுக்கு அந்தத் தண்ணீர் உதவாது.

என்னை மிகவும் கவர்ந்தது இரண்டாம் அமர்வு. இந்தப் பாதை முழுவதையும் ஒரே நீண்ட சரிவாகப் பார்க்கலாம். பாரம் ஏற்றிய வேகன்கள் மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும், காலி வேகன்கள் மலைக்கு ஏறித் திரும்பும். சுமையும் சரிவும் ஒரே திசையில் அமைந்த இந்த ஏற்பாடு ஒரு சுரங்கப் பாதைக்குக் கிடைக்கக்கூடிய பெரும் பேறு. அந்தச் சரிவு உவெல்வாவில் தரையோடு முடியாமல் ஒடியல் ஆற்றுக்குள் நீண்ட கப்பல் துறைப்பாலத்திலும் தொடர்ந்தது. புரூஸும் தாமஸ் கிப்சனும் வடிவமைத்து 1874 முதல் 1876 வரை கட்டிய அந்தப் பாலத்தில் தண்டவாளங்கள் அடுக்கடுக்காகப் போடப்பட்டிருந்தன. மேல் தட்டுக்குத் தள்ளப்பட்ட வேகன் தன் எடையாலேயே உருண்டு கப்பலின் பக்கம் வந்து நிற்கும். தாது சரிவுக் குழாய் வழியாகக் கப்பலுக்குள் கொட்டப்பட்டதும், காலி வேகன் மீண்டும் தன் எடையாலேயே கீழ்த் தட்டு வழியாகக் கரைக்குத் திரும்பிவிடும். பாலத்தின் மேல் இன்ஜின் வேகனை இழுக்க வேண்டிய தேவையே இல்லை. ஆற்றின் அடியில் இருந்ததோ மென்மையான சேறு. இரும்புத் தூண்கள் அமிழ்ந்துவிடாமல் இருக்க மரமேடைகளின் மேல் பாரத்தைப் பரப்பிய உத்தியை நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கரும்பலகையில் வரைந்து விளக்கிய ஒரு மணி நேரத்தை மறக்க மாட்டேன்.

அந்த அமர்வில் நேர்ந்த ஒரு தவற்றை இங்கே பதிவு செய்வது என் கடமை. ரியோ டின்டோ பாலம் என்று நான் திரையிட்ட படங்களில் ஒன்று உண்மையில் தார்சிஸ் சுரங்கப் பாதைக்குரிய கொராலெஸ் துறைப்பாலம். இரண்டும் ஒரே ஆற்றில் அமைந்தவை. ஆனால் தார்சிஸ் பாதையின் கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி, 1220 மில்லிமீட்டர். தண்டவாள இடைவெளியைப் பார்த்தே சந்தேகப்பட்டுப் பிழையைப் பிடித்தவர் சென்ற ஆண்டுதான் சங்கத்தில் சேர்ந்த மாணவி. அவருக்கு என் நன்றி. இனி எந்தப் படமும் இரண்டு பேர் சரிபார்த்த பிறகே திரையிடப்படும் என்று செயற்குழு விதி வகுத்துள்ளது.

இயந்திரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், மனிதர்கள் எங்கே என்று மூன்றாம் அமர்வில் ஓர் உறுப்பினர் கேட்டார். 1888ஆம் ஆண்டை விரிவாகப் படிக்க அந்தக் கேள்விதான் வழிவகுத்தது. ரயிலேறிப் போன தாதுவின் கந்தகம் தொலைதூரத் தொழிற்சாலைகளில் கந்தக அமிலமாயிற்று. ரயிலேறாமல் அங்கேயே தங்கிய, செம்பு குறைந்த தாதுவை, செம்பைப் பிரித்தெடுப்பதற்காகத் திறந்த வெளியில் குவித்து வறுத்தார்கள். அதன் கந்தகம் புகையாகி வயல்களின் மேல் படிந்தது. புகையை நிறுத்தக் கோரியும், வேலை நிலைமைகளைத் திருத்தக் கோரியும் உழவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் ஒன்றாகத் திரண்ட பிப்ரவரி 4 அன்று, ஊர்ச் சதுக்கத்தில் ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கு 13 பேர் இறந்ததாகச் சொல்கிறது. இறந்தோர் நூற்றுக்கும் மேல் என்று மதிப்பிடுவோரும் உண்டு. அந்த ஆண்டை இன்றும் 'துப்பாக்கிச் சூட்டு ஆண்டு' என்றே அங்கே அழைக்கிறார்கள். இதைச் சொல்லாமல் அந்தப் பாதையின் வரலாற்றை எழுத முடியாது என்பது என் உறுதியான கருத்து.

பாதை எப்படி ஓய்ந்தது என்பதை நான்காம் அமர்வில் ஆராய்ந்தோம். 1954இல் சுரங்கங்கள் ஸ்பானிய உரிமைக்கு மாறின. 1968இல் பயணிகள் சேவை நின்றது, 1975இல் துறைப்பாலம் ஓய்ந்தது, 1984இல் பாதையே மூடப்பட்டது. தாது தீர்ந்து பாதை செத்தது என்று நம்மில் பலர் எண்ணியிருந்தோம்; நானும் அப்படித்தான் நினைத்தேன். தாது தீரவில்லை. கந்தகம் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதால் இரும்பும் கந்தகமும் சேர்ந்த இந்தப் பைரைட் தாதுவின் தேவை சரிந்தது, லாரிகளும் பெருகின. 2001இல் மூடிய சுரங்கம் 2015இல் மீண்டும் திறந்தபோதும் தாது சாலை வழியாகத்தான் உவெல்வாவுக்குப் போனது. மலையும் கடலும் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றை இணைத்த சரிவு மட்டும் பயனற்றுக் கிடக்கிறது.

எஞ்சியிருப்பவற்றின் பட்டியலும் தயாராகியுள்ளது. சுரங்கப் பகுதியில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தூரத்துக்குத் தண்டவாளம் சீரமைக்கப்பட்டு 1994 முதல் சுற்றுலா ரயில் ஓடுகிறது. 1875இல் செய்யப்பட்ட 14ஆம் எண் நீராவி இன்ஜினையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்குள்ள சுரங்க அருங்காட்சியகத்தில் 'மகாராஜா பெட்டி' என்ற சொகுசுப் பெட்டி ஒன்று உள்ளது. விக்டோரியா அரசியின் இந்தியப் பயணத்துக்காகச் செய்யப்பட்டு, பயணம் நடக்காததால் ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்கிறார்கள். உவெல்வா துறைப்பாலம் 2003இல் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது, இப்போது மக்கள் அதன் மேல் நடந்து செல்லலாம். நடுவே உள்ள நீண்ட தூரத்தில் கற்பாலங்களும் தடமும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். நான்கு அமர்வுகளின் குறிப்புகளைத் தொகுத்துக் கையேடாக அச்சிட உங்கள் ஒப்புதலைக் கேட்கிறேன். வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்மொழிவது தார்சிஸ் பாதை. ஒரே ஆற்றங்கரையில் இரண்டு நிறுவனங்கள் இரண்டு கேஜ்களில் இரண்டு துறைப்பாலங்களை ஏன் கட்டின என்பதை இந்த ஆண்டு நம்மால் முழுமையாக அலச முடியவில்லை. இந்த அறிக்கையையும் இம்முன்மொழிவையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

செயலாளர்