மணல் எங்கே என்று கேட்டவளுக்கு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஜனவரிக் கடைசியில் ஐந்து நாட்கள் புதுச்சேரிக்கு வரப்போவதாகவும், தனிக் கடற்கரை உள்ள விடுதி ஒன்றில் அறை எடுக்கப்போவதாகவும் தொலைபேசியில் சொன்னாய். பேச்சில் முடிகிற விஷயமாகத் தோன்றாததால் கடிதமாக எழுதுகிறேன். டிசம்பரைத் தவிர்த்தது நல்லது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் நம் கொல்லைப் பலாமரம் வேரோடு சாய்ந்ததைப் பார்த்த உனக்கு, அந்த மாதத்துக் கடலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நீ ஒன்றாம் வகுப்பில் படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பாண்டி பீச் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். காந்தி சிலைக்கு அருகே நின்றுகொண்டு, "பீச் என்று சொன்னீர்களே அப்பா, மணல் எங்கே?" என்று கேட்டாய். கரை முழுக்கக் கருங்கற்கள்தான் கிடந்தன. சுண்டல் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன். அப்போது நான் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் கரையில் கொட்டுவதற்குப் பாறாங்கல் ஏற்றி வந்த லாரிகளை நாள்தோறும் எண்ணிப் பேரேட்டில் பதிந்தவன் நான்தான். அன்று சொல்லாத பதிலை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

நம் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வரும் அலைகள் அதை வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. 1980களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்களை நீட்டியபோது இந்தப் போக்கு தடைப்பட்டது. சுவருக்குத் தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே இருந்த நகரத்தின் கரையோ, வரவு நின்றுபோய்ச் செலவு மட்டும் தொடரும் குடும்பத்தைப்போல, சில ஆண்டுகளிலேயே கையிருப்பு முழுவதையும் இழந்தது. சாலையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். சாலை தப்பியது, ஆனால் அரிப்பு கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் என்று வடக்கே நகர்ந்து மீனவர் வீடுகளைத் தொட்டது. அந்தச் செலவு எங்கள் பேரேட்டில் ஏறவில்லை.

2018 வாக்கில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்தை ஒட்டிய கடலுக்குள் ஆப்பு வடிவில் ஒரு செயற்கைத் திட்டை அமைத்து அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். அதன்பின் மணல் திரும்ப வந்து சேரத் தொடங்கியது. முதல் முறை அதில் கால் வைத்தபோது உன் கேள்விதான் நினைவுக்கு வந்தது. உன் மகளை அங்கே அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் மணலைப் பார்த்த துணிச்சலில் குழந்தைகளைக் கடலில் இறங்க விடாதே. ஓரத்தில் கற்கள் கிடக்கின்றன, நீரோட்டமும் உள்ளே இழுக்கும்.

விடியற்காலையில் போங்கள். மாலை முதல் மறுநாள் காலை வரை அந்தச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் நிம்மதியாக நடக்கலாம். 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கமும் அங்கேதான் நிற்கிறது. மாப்பிள்ளை மஞ்சள் சுவர்களைப் படம் எடுக்க ஆசைப்படுவார், எடுக்கட்டும். 1761இல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து நகரைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தள்ளியதால், இன்று நகரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே நாம் பார்ப்பது பெரும்பாலும் அதற்குப் பின் எழுந்த ஊர் என்பதை மட்டும் அவரிடம் சொல். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, கால் நூற்றாண்டு காலம் தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, நகரம் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன் கண்ணை மூடினார். அந்த இடிபாட்டைப் பார்க்கும் துன்பம் அவருக்கு நேரவில்லை. வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதியிலும் ஒரு நடை போய் வாருங்கள். தெருவை நோக்கி நீண்ட தாழ்வாரமும் திண்ணையும் உள்ள வீடுகள் அங்கே இன்னும் இருக்கின்றன; எனக்கு அவற்றின்மேல்தான் பிரியம் அதிகம்.

ஒரு மாலைப்பொழுதை அரிக்கமேட்டுக்கு ஒதுக்குங்கள். பார்ப்பதற்கு அங்கே மரங்களும் இடிந்த செங்கல் சுவரும்தான். ஆனால் 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தது அந்த ஆற்றங்கரையில்தான். கல்சுவர் கட்டிய அதே ஆறு. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் கடலில் ஒரு கல்லைக்கூடப் போடாமல் வணிகம் செய்துவிட்டுப் போனார்களே என்று, கல் லாரிகளை எண்ணிய நான் நினைத்துக்கொள்வேன்.

விடுதியை இரண்டு நாட்களோடு நிறுத்திக்கொள். பிள்ளைகள் ஓடி விளையாட அகலமான மணல்தான் வேண்டுமென்றால், நம் தேவனாம்பட்டினம் இருக்கிறது, வாடகையும் கிடையாது. 1690இல் ஆங்கிலேயர்கள் மராத்தியரிடம் அங்கிருந்த கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் சேர்த்தே என்று பேரம் முடித்து, நான்கு பக்கமும் சுட்டுப் பார்த்து எல்லை வகுத்துக்கொண்ட கதையைப் பேரனுக்கு அந்த மணலில் உட்கார்ந்து நான் சொல்ல வேண்டும். உனக்குச் சொன்னபோது, "குண்டு ஏன் கடலில் விழவில்லை?" என்று கேட்டாய். அவன் என்ன கேட்கிறான் என்று பார்ப்போம்.

மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். எத்தனை மணி ரயிலில் வருகிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல். திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் வந்து நிற்பேன்.

அன்புடன்,
அப்பா