மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞரின் உடலுக்கும் காப்புறுதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

யாழ்ப்பாணத்தில் பாடசாலையை விட்டு வெளியேறும் ஓர் இளைஞன் தன் உழைப்புக்காகச் செய்யும் முதற் செலவு பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிளாகவே இருக்கிறது. சாவகச்சேரியிலிருந்து சுன்னாகத்துக்கு மேசன் வேலைக்கு வருபவரும், வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து நகரத்துக் கடையொன்றில் வேலை செய்ய வருபவரும், மாலை வகுப்பு முடிந்து இருட்டிய பின் வீடு திரும்பும் மாணவரும் பஸ் நேரத்தை நம்பித் தம் நாளைத் திட்டமிட முடியாது. ஆனால் வாகனத்தை வாங்குவதற்குக் காட்டும் அக்கறையில் பத்திலொரு பங்குகூட அதன் காப்புறுதியில் காட்டப்படுவதில்லை. காப்புறுதித் துறையில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இவ்விடயம் குறித்துச் சில கருத்துகளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன்.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் வீதியில் செலுத்த முடியாது. பிரதேச செயலகத்தில் வருடாந்த வரி அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது புகைப் பரிசோதனைச் சான்றிதழுடன் காப்புறுதிச் சான்றிதழையும் காட்ட வேண்டும் என்பதால், நம் இளைஞர்களில் பலர் காப்புறுதியை வரிப்பத்திரத்துக்கு வேண்டிய இன்னொரு கடதாசியாகவே கருதுகிறார்கள். எங்கே மலிவு என்று விசாரித்து, நூறு ரூபா குறைவான இடத்தில் வாங்கி, சீற்றுக்கு அடியில் மடித்து வைத்துவிடுவதோடு அந்த வருடத்துக்கான அலுவல் முடிந்துவிடுகிறது. அந்தக் கடதாசி யாரைக் காப்பாற்றுகிறது, யாரைக் காப்பாற்றவில்லை என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்பது வாகனத்தைச் செலுத்துபவரால் பிறருக்கு ஏற்படும் மரணம், உடற்காயம் ஆகியவற்றுக்கான சட்டப் பொறுப்பையும், ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட உச்சத் தொகை வரை பிறருடைய சொத்துக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்றுக்கொள்வது. அதன் பயன் சிறியதன்று. வீதியைக் கடக்கும் முதியவர் ஒருவரை மோதிவிட்டு, நீதிமன்றம் விதிக்கும் நட்டஈட்டைச் சொந்தக் காணியை விற்றுக் கட்டும் நிலையிலிருந்து அது ஒரு குடும்பத்தைக் காக்கும். ஆனால் கண்டி வீதியில் இரவு நேரம் குறுக்கே வந்த மாட்டுடன் மோதி விழுந்த இளைஞனின் முறிந்த காலுக்கோ, நொறுங்கிய வாகனத்துக்கோ அதிலிருந்து ஒரு சதமும் கிடைக்காது. இத்தகைய தனி வாகன விபத்துகளில் நட்டஈடு கேட்பதற்கு எதிர்த்தரப்பு என்று ஒருவரும் இருப்பதில்லை. மாட்டின் சொந்தக்காரரை அடுத்த நாள் தேடிக் கண்டுபிடித்தவர் எவரையும் நான் அறியேன்.

போதனா வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தானே என்று பெற்றோர் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இலவச மருத்துவம் இந்த நாட்டின் பெரும் பேறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் தொடை எலும்பு முறிந்த ஒரு மேசன் மீண்டும் சாரத்தில் ஏறி நின்று வேலை செய்வதற்கு மாதக் கணக்காகும். அதுவரை நாட்கூலி இல்லை. அவரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்வர ஓட்டோச் செலவு உண்டு. அருகில் இருந்து பார்ப்பவரின் உழைப்பும் நின்றுவிடும். லீசிங் தவணை மட்டும் நிற்காது. அரச ஊழியருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறது. பாடசாலை மாணவருக்கென 2017 ஆம் ஆண்டில் சுரக்ஷா காப்புறுதி அறிமுகமாகி, இடையில் நின்று, பின்னர் மீண்டும் தொடங்கியது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பாடசாலைச் சீருடையைக் கழற்றும் அதே வயதில்தான் ஒருவர் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பெறுகிறார். அதாவது, விபத்து நிகழக்கூடிய வாய்ப்பு மிகவும் கூடும் நாளில் அவரைச் சுற்றி இருந்த காப்பு முழுவதும் விலகிவிடுகிறது.

அப்படியானால் சொந்த வாகனத்துக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்கும் முழுமையான காப்புறுதியை வாங்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் கட்டுப்படியாகும் தன்மை பற்றிய உண்மையான சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தில் வாழும் நம் உறவினர்கள், தங்கள் பிள்ளைகள் இளவயதினர் என்ற ஒரே காரணத்துக்காக மிகப் பெரிய காப்புறுதித் தொகை கட்டுவதைச் சொல்லிக் கவலைப்படுவார்கள். நம் நாட்டில் கட்டுப்பணம், அதாவது காப்புறுதிக்காக ஆண்டுதோறும் கட்டும் தொகை, ஓட்டுபவரின் வயதைவிட வாகனத்தின் பெறுமதியையே முதன்மையாகக் கொண்டு கணிக்கப்படுகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலையே வெகுவாக ஏறியது. அதனுடன் முழுமையான காப்புறுதியின் கட்டுப்பணமும் ஏறியது. அதற்கு மேல் பெறுமதி சேர் வரி இருக்கிறது. அது 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். ஆயுள் காப்புறுதிக்கு இல்லாத இந்த வரி, சட்டம் கட்டாயப்படுத்தும் வாகனக் காப்புறுதிக்கு ஏன் இருக்க வேண்டும் என்பது எனக்கு என்றும் விளங்காத ஒன்று.

லீசிங்கில் வாகனம் எடுத்தவர்களுக்கு முழுமையான காப்புறுதி நிபந்தனையாக இருப்பதால் அவர்கள் வேறு வழியின்றிக் கட்டுகிறார்கள். ஆனால் அது முதலில் பாதுகாப்பது நிதி நிறுவனத்தின் பணத்தைத்தான். வாகனம் களவுபோனாலோ முற்றாக அழிந்தாலோ கிடைக்கும் தொகையில் நிலுவைக் கடன் கழிக்கப்பட்ட பின்னரே மிச்சம் இளைஞனின் கைக்கு வரும். கடைசித் தவணையைக் கட்டி முடித்த மாதமே பலர் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு இறங்கிவிடுவதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாட்கூலி பெறும் ஒருவரால் ஆண்டுக் கட்டுப்பணம் முழுவதையும் ஒரே நாளில் எடுத்து வைப்பது இலகுவன்று.

முழுமையான காப்புறுதியை வைத்திருக்கக் கூடியவர்கள் செலவைக் குறைக்கச் சில நேர்மையான வழிகள் உள்ளன. சிறு கீறல்களுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் இழப்பீடு கேட்காமல், குறிப்பிட்ட தொகை வரையான சேதத்தைத் தாமே பொறுப்பேற்பதாக ஒப்புக்கொண்டால் கட்டுப்பணம் குறையும். இழப்பீடு கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும் கிடைக்கும் கழிவு வாகனத்துக்கு உரியதன்று, காப்புறுதி செய்தவருக்கு உரியது. ஆகையால் மகன் ஓட்டும் வாகனத்தைத் தகப்பன் பெயரில் வைத்திருந்தால், மகன் எத்தனை ஆண்டு விபத்தின்றி ஓட்டினாலும் அந்தக் கழிவு மகனுடைய கணக்கில் சேராது. சில ஒப்பந்தங்களில் வயதோ அனுபவமோ குறைந்த சாரதி ஓட்டும்போது அவர் தம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை கூடுதலாக இருக்கும். தகப்பன் பெயரில் எடுத்துவிட்டால் அதிலிருந்து தப்பலாம் என்று நினைப்பவர்கள் அந்த நிபந்தனையை ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

வாகனத்தின் பெறுமதியைக் குறைத்துக் காட்டிக் கட்டுப்பணத்தை மிச்சப்படுத்துவது மட்டும் வழியாகாது. சந்தையில் 6 இலட்சம் ரூபா பெறும் வாகனத்தை 3 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தவருக்கு 1 இலட்சம் ரூபா சேதம் ஏற்பட்டால், பாதித் தொகைதான் தர முடியும் என்று நிறுவனம் சொல்லும். அது மோசடியன்று, ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் விகிதாசார விதி. இறக்குமதித் தடைக் காலத்தில் விலை ஏறியபோது பழைய பெறுமதியையே புதுப்பித்துக்கொண்டு வந்தவர்கள் இப்படித்தான் ஏமாந்தார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின், புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சந்தை விலையை விசாரித்துப் பெறுமதியைத் திருத்துவது இன்னும் அவசியமாகிறது.

இதைவிட நம் பகுதியில் பரவலாக உள்ள ஒரு வழக்கத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்களை ‘ஓப்பின் பேப்பரில்’ வாங்கி, பதிவை மாற்றாமலே ஆண்டுக் கணக்கில் ஓட்டுகிறார்கள். பதிவுப் புத்தகத்தில் இருப்பவர் ஒருவர், அவருக்குப் பணம் கொடுத்தவர் இன்னொருவர், இப்போது ஓட்டுபவர் மூன்றாமவர். காப்புறுதியும் முதலாமவர் பெயரிலேயே தொடரும். அவர் வெளிநாடு போயிருக்கவும் கூடும். வாகனம் களவுபோனால் இழப்பீடு கேட்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு இவர்களிடம் பதில் இல்லை. பெயர் மாற்றும் செலவை மிச்சம் பிடிக்கப் போய், கட்டிய காப்புறுதி முழுவதையும் கேள்விக்குறியாக்கிக்கொள்கிறார்கள். வீடுகளுக்கு உணவும் பொதிகளும் கொண்டு செல்லும் இளைஞர்களின் நிலையும் இதற்குக் கிட்டியதே. தனிப்பட்ட பாவனைக்கு என்று எடுத்த காப்புறுதி, கூலிக்குப் பொருள் ஏற்றும்போது செல்லுபடியாகாமல் போகலாம். பாவனையை உள்ளபடி சொல்லி, அதற்குரிய கட்டுப்பணத்தைக் கட்ட வேண்டும். அவர்களை வேலைக்கு அமர்த்துபவர்கள் அதில் ஒரு பங்கையாவது ஏற்பது நியாயமாகும்.

இவற்றையெல்லாம் சொன்ன பின்னும், முழுமையான காப்புறுதியைக் கட்ட முடியாதவர்களே நம் வீதிகளில் பெரும்பான்மையினர். அவர்களுக்காக நான் கேட்பது ஒன்றுதான்: மூன்றாம் தரப்புக் காப்புறுதியுடன், ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்குமான தனிநபர் விபத்துக் காப்பையும் சேர்த்து, ஒரே பத்திரமாக, நாட்கூலியால் தாங்கக்கூடிய கட்டணத்தில் விற்க வேண்டும். வாகனம் போனால் இன்னொன்று வாங்கலாம். இருபத்தொரு வயதில் கால் போனவருக்கு அதன் விளைவு ஐம்பது ஆண்டுகளுக்கு. எனவே கையில் இருக்கும் சொற்பப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று கேட்டால், வாகனத்தின் தகரத்துக்கு முன் ஓட்டுபவரின் உடலுக்கு என்றே நான் சொல்வேன். மரணத்துக்கும் நிரந்தர அங்கவீனத்துக்கும் ஒரு தொகை, வேலை செய்ய முடியாத வாரங்களுக்குச் சிறு கொடுப்பனவு என்ற இரண்டும் இருந்தால் போதுமானது. இத்தகைய காப்பு முழுமையான காப்புறுதியுடன் இணைப்பாக ஏற்கெனவே விற்கப்படுகிறது. அதைக் குறைந்த கட்டணப் பத்திரத்துக்கும் கொண்டுவருவதில் கணக்கியல் ரீதியான தடை எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை; விற்கும் ஆர்வம்தான் குறைவு, ஏனெனில் சிறிய பத்திரத்தில் முகவருக்குக் கிடைக்கும் தரகும் சிறியது.

தனிநபர் விபத்துக் காப்புறுதியை வேறாக வாங்கலாம் என்று சிலர் ஆலோசனை கூறுவர். வாங்கலாம், ஆனால் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது நேரும் விபத்தை விலக்கும், அல்லது அதற்கு மேலதிகக் கட்டணம் கேட்கும் நிபந்தனை சில ஒப்பந்தங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். மோட்டார் சைக்கிளில் திரியும் இளைஞனுக்கு அந்தப் பத்திரத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவே கையொப்பமிடுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியையாவது வாய்விட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

செல்லுபடியாகும் காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டுவதற்கான தண்டப்பணம் 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 25,000 ரூபாவிலிருந்து தொடங்குகிறது. தண்டனையை இவ்வளவுக்கு உயர்த்த முடிந்த அரசு, இளைஞர் வாங்கும் இந்தக் குறைந்த கட்டணக் காப்புக்கு வரிவிலக்கு அளிப்பது பெரிய காரியமன்று. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழு அதற்கான விதிமுறையை வகுக்கலாம். யாழ்ப்பாணத்தில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள் அதுவரை காத்திராமல் இரண்டு காரியங்களை உடனே செய்யலாம். ஆண்டுக் கட்டுப்பணத்தைத் தவணையாகப் பெற வழி செய்வது ஒன்று. மற்றது, மூன்றாம் தரப்புக் காப்புறுதிச் சான்றிதழின் முகப்பிலேயே, ஓட்டுபவருக்கு ஏற்படும் காயத்துக்கு இதில் இழப்பீடு இல்லை என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில் அச்சிடுவது.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற காப்புறுதி ஊழியர் ஒருவர்,
கொக்குவில்.