பேச்சுவார்த்தை நிற்காத சண்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய யூத எழுத்தாளர் எலீ வீசல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவரைப் பற்றி இவ்வளவு விரிவாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், 'ஆஷ்விட்ஸுக்குள் பக்தனாகப் போன சிறுவன் நாத்திகனாக வெளியே வந்தான்' என்று ஒரு வரி இருக்கிறது (ஆஷ்விட்ஸ்தான் அந்த நாஜி முகாம்). அது உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன், போகவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கட்டுரையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். வீசல் தன் முகாம் நாட்களைப் பற்றி எழுதிய 'இரவு' நூலை மட்டும் படித்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். நானும் பல வருடம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தவன்தான். அதில் வருகிற வீசல், ருமேனியாவின் சிகெட் ஊர்ப் பையன். பகலில் தல்மூத் என்ற யூதச் சட்ட நூல் படிப்பு, இரவில் ஜெப ஆலயத்தில் அழுகை. கபாலா என்ற யூத மறைஞானத்தைச் சொல்லித்தர ஒரு குருவைப் பிடித்துத் தாருங்கள் என்று அப்பாவை நச்சரிக்கிறான். அதற்கு முப்பது வயதாக வேண்டும் என்று அப்பா தட்டிக்கழிக்கிறார். 1944 மே மாதம் குடும்பத்தோடு ரயிலில் அடைக்கப்பட்டபோது அவனுக்கு வயது 15. இறங்கிய இடத்தில் அம்மாவையும் கடைசித் தங்கை சிப்போராவையும் வேறு பக்கம் அனுப்பினார்கள். அத்தோடு சரி.

அந்த முதல் இரவிலேயே, நெருப்புக் குழியை நோக்கி நடக்கும்போது, சுற்றியிருந்தவர்கள் தங்களுக்குத் தாங்களே காதிஷ் என்ற யூத ஜெபத்தைச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். உங்கள் கட்டுரை இதை 'இறந்தவர்களுக்கான ஒப்பாரி' என்கிறது. இங்கே ஒரு சின்னத் திருத்தம் வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. காதிஷில் சாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. முழுக்கவும் கடவுளின் பெயர் ஓங்குக, புனிதம் அடைக என்ற துதிதான். பெற்றவரைப் புதைத்துவிட்டு வந்த மகன் சொல்ல வேண்டியது அது. ஒப்பாரியாக இருந்திருந்தால் பையனுக்கு அதில் சிக்கல் இருந்திருக்காது, கூடச் சேர்ந்து அழுதிருப்பான். துதி என்பதால்தான் தொண்டையில் சிக்குகிறது. இவர் பெயரை நான் எதற்குப் புனிதப்படுத்த வேண்டும் என்ற கோபம் முதல்முதலாக அவனுக்குள் எழுவது அந்த இடத்தில்தான்.

அப்புறம் அந்த ஆண்டு யோம் கிப்பூர், யூதர்களின் பாவமன்னிப்பு நோன்பு நாள். ஆஷ்விட்ஸைச் சேர்ந்த பூனா (Buna) என்ற துணை முகாமில் நோன்பு இருப்பதா வேண்டாமா என்று ஒரே வாதம். யூதச் சட்டப்படி உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பைக் கைவிடலாம் என்பதுகூட இல்லை, கைவிட்டே ஆக வேண்டும். அப்பாவும் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக, அவன் சூப்பைக் குடித்ததில் மத விதிப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் அவன் அதைக் கடவுளுக்கு எதிரான கலகமாக நினைத்தே குடித்தான். ரொட்டியைக் கடிக்கும்போது உள்ளே ஏதோ பெரிய வெறுமை திறந்துகொண்டதாகவும் எழுதுகிறார். யோசித்துப் பாருங்கள், கடவுள் இல்லை என்று ஆகிவிட்டவனுக்கு அது இன்னொரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். யாரைப் பார்க்க வைத்துச் சாப்பிடுகிறான் இந்தப் பையன்?

என் எண்ணத்தை மாற்றியது 1990-களில் அவர் எழுதிய தன்வரலாற்றில் வருகிற ஒரு சிறு பகுதி. அதே பூனா முகாம். யாரோ ஒரு கைதி பன்னிரண்டு ரேஷன் ரொட்டியைக் கொடுத்து ஒரு ஜோடி தெஃபிலின் வாங்கி வைத்திருக்கிறார். தெஃபிலின் என்பது கறுப்புத் தோல் வார் வைத்த இரண்டு சின்னப் பெட்டிகள். உள்ளே யூத வேதமான தோராவின் வசனங்கள் எழுதிய சுருள் இருக்கும். பதின்மூன்று வயது முதல் ஆண்கள் காலை ஜெபத்தில் ஒன்றை இடது கையிலும் ஒன்றை நெற்றியிலும் கட்டிக்கொள்வார்கள். எலீயும் அப்பாவும் முகாம் எழுவதற்கு முன்பே எழுந்து பக்கத்துக் கொட்டடிக்குப் போவார்களாம். அங்கே வரிசை நிற்கும். கட்டிக்கொண்டு, அவசரமாக ஆசிமொழியைச் சொல்லி, அவிழ்த்து அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நகர வேண்டும். தூக்கத்தை விட்டுக் கொடுத்து, சில நாள் ரொட்டியையோ காப்பியையோ விட்டுக் கொடுத்துப் பல பேர் அப்படி நின்றிருக்கிறார்கள்.

பன்னிரண்டு ரொட்டி! அந்த இடத்தில் ஒரு துண்டு ரொட்டிக்கு என்ன விலை என்று 'இரவு' படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சூப்பைக் குடித்துக் கலகம் செய்தவனும் இருட்டில் வரிசையில் நின்றவனும் ஒரே பையன். எது உண்மை என்று கேட்பதில் அர்த்தமில்லை, இரண்டும் உண்மைதான். பதினாறு வயதில் கோபமும் பழக்கமும் அப்பா மீதான பாசமும் தனித்தனி டப்பாவிலா இருக்கும்? நம் பேச்சில் ஆத்திகர், நாத்திகர் என்று இரண்டு பெட்டிகள்தான் தயாராக இருக்கின்றன. நம்மில் சிலர் உடனே நிந்தாஸ்துதியை, அதாவது திட்டுவது போலத் துதிப்பதை, துணைக்கு அழைப்பார்கள், சுந்தரர் சிவனைத் திட்டியது போல என்று. எனக்கு அது ஒட்டவில்லை. சுந்தரர் வழக்கு செல்லச் சண்டை. இங்கே எரிந்தது குழந்தைகள்.

யூத மரபுக்குள்ளேயே இந்த வழக்காடலுக்கு இடம் உண்டு. சோதோமை அழிக்கப் போன கடவுளிடம் ஆபிரகாம் பேரம் பேசியதிலிருந்து அது வருகிறது. முகாமில் கற்றறிந்த மூன்று ரபிகள் (யூத மதகுருக்கள்) கடவுளையே விசாரணைக்கு நிறுத்தியதைப் பார்த்ததாக வீசல் சொல்லியிருக்கிறார். குற்றவாளி என்று தீர்ப்பு ஆனது. ஆனதும், ஜெப நேரமாகிவிட்டது என்று எழுந்து ஜெபம் செய்யப் போனார்களாம்.

லித்துவேனியாவில் கோவ்னோ கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், நடந்தது இன்னொன்று. தினமும் காலையில் சொல்ல வேண்டிய ஆசிமொழிகளில் 'என்னை அடிமையாக ஆக்காதவரே' என்று ஒன்று உண்டு. காவலோடு கட்டாய வேலைக்குப் போகிறவன் அதை எந்த வாயால் சொல்வது என்று ரபி எஃப்ராயிம் ஓஷ்ரியிடம் கேள்வி வந்தது. இன்றுதான் கட்டாயம் சொல்ல வேண்டும், உடம்புதான் அவர்கள் பிடியில் இருக்கிறது என்கிற பொருளில் அவர் தீர்ப்புச் சொன்னார். அவருக்கே அப்போது முப்பது வயதைச் சுற்றித்தான் இருக்கும். இப்படி வந்த கேள்விகளையும் பதில்களையும் சிமெண்டு மூட்டைக் காகிதத்தில் குறித்து, டப்பாவில் போட்டுப் புதைத்து வைத்தார். போர் முடிந்ததும் தோண்டி எடுத்து நூலாக்கினார்.

எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதே பூனாவில் இருந்த இத்தாலிய யூத எழுத்தாளர் பிரீமோ லெவி, நம்பிக்கை இல்லாமல் உள்ளே போய் நம்பிக்கை இல்லாமலே வெளியே வந்தேன் என்று நேர்மையாக எழுதியவர். போன நம்பிக்கை திரும்பவே வராதவர்களும் ஏராளம். அவர்களைக் கேள்வி கேட்க நமக்கு எந்த யோக்கியதையும் இல்லை. என் வழக்கு வீசலைப் பற்றி மட்டும்தான். வீசலும் அப்பாவும் கடைசியாகக் கொண்டுபோகப்பட்டது ஜெர்மனியிலிருந்த புக்கன்வால்ட் முகாமுக்கு. விடுதலைக்குப் பிறகு அங்கிருந்த சிறுவர்கள் 400-க்கும் மேற்பட்டோரைப் பிரான்சில் எக்குய் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் சமய ஒழுக்கத்தோடு வாழ விரும்பியவர்கள் எங்களுக்குக் கோஷர் (யூத மத விதிப்படியான) சாப்பாடு வேண்டும் என்று கேட்டு, தனி இல்லத்துக்குப் போனார்கள். வீசல் போனது அவர்களோடுதான். சிகெட்டில் விட்டுவந்த அதே தல்மூத் பகுதியைக் கேட்டு வாங்கி, நிறுத்திய இடத்திலிருந்தே படிக்கத் தொடங்கியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நாத்திகன் செய்கிற வேலையா இது? பழைய பக்தன் செய்கிற வேலையும் இல்லைதான். 1997 அக்டோபரில், யூதப் புத்தாண்டை ஒட்டி, நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கடவுளுக்கு ஒரு பிரார்த்தனை எழுதினார். சமாதானமாகப் போய்விடலாம், எத்தனை நாள்தான் கோபமாகவே இருப்பது என்று கேட்கிறார். ஆஷ்விட்ஸில் நீ எங்கே இருந்தாய் என்ற பழைய கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டேதான் கேட்கிறார். அப்போது அவருக்கு வயது 69.

கட்டுரை நூலாக வரும்போதாவது அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி.

பி.கு.: அப்பா ஷ்லோமோ இறந்ததும் ஆஷ்விட்ஸில் என்று அச்சாகியிருக்கிறது. அவர் இறந்தது 1945 ஜனவரிக் கடைசியில், புக்கன்வால்டில். அந்த முகாமுக்கு அமெரிக்கப் படை வந்து சேர்ந்தது ஏப்ரல் 11.