உங்கள் டாக்குக்குக் கீழே இருக்கும் தண்ணீர்: லேனியர் ஏரிக்கரைத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், லேனியர் ஏரிக்கரையில் வீடும், படகு கட்டும் மிதவை மேடையான டாக்கும் வைத்திருக்கும் தமிழ் அன்பர்களுக்கு வணக்கம்.

மே மாதம் நடந்த சங்கதி உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இதற்குள் ஒரு சுற்று வந்திருக்கும். யாரோ ஒருவர் அடுத்தவர் டாக்குக்குள் தூண்டில் போட்டு வம்பு வளர்த்தார் என்று படித்திருப்பீர்கள். அந்த யாரோ ஒருவர் நான்தான். டாக்கின் சொந்தக்காரர் பெயரை எங்கேயும் சொல்லப்போவதில்லை. பொங்கல் விழாப் பந்தியில் கேட்டுக் கேட்டு வடை வைத்த நல்ல மனிதர். அவர் ஒருவரோடு முடிகிற விஷயமாக இருந்தால் நேரில் போய்ப் பேசியிருப்பேன். ஆனால் இந்த ஏரியில் சின்னப் படகில் டாக் பக்கம் போகிற பலரும் இதே புகாரைச் சொல்கிறார்கள். மேலிருந்து சத்தம் போடுகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதைத் தமிழில், பொதுவில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். உங்கள் டாக் ஓரமாகப் படகில் இருந்தபடி மீன் பிடிக்கிறவர்களைத் துரத்தாதீர்கள்.

அன்று காலை நானும் ஒன்பது வயது மகளும் எங்கள் சின்ன அலுமினியப் படகில் ஒரு குடாவுக்குள் போயிருந்தோம். மே மாதம் பாஸ் மீன்கள் முட்டையிட்டு முடித்துக் களைத்துப்போய் நிழல் தேடும் காலம். டாக்கின் மிதவைகளில் பாசி பிடித்திருக்கும், பாசியைத் தேடிப் பொடி மீன் வரும், பொடி மீனைத் தேடி பாஸ் வந்து இருட்டான மூலையில் நிற்கும். அங்கே தூண்டிலை அனுப்புவது ஒரு வித்தை. நடைபாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். கம்பைத் தாழப் பிடித்துப் பக்கவாட்டில் சுண்ட வேண்டும். குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிவது மாதிரி, ஜிக் என்னும் ஈயத் தலை வைத்த தூண்டில் முள் தண்ணீர்மேல் தத்தித் தத்திப் போய் நிழலுக்குள் விழும். கை கொஞ்சம் பிசகினால் ஜிக் பலகையில் மோதும், ரீலில் தூண்டில் நரம்பு பந்தாகச் சிக்கிக்கொள்ளும். என் மகள் எங்கள் குடியிருப்புக் குளத்தில் இதைப் பொறுமையாகப் பழகியிருந்தாள். அன்றுதான் முதல் முறையாக அவள் எறிந்தது சரியாக உள்ளே போனது. தளர்ந்திருந்த நரம்பு மெல்லப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. அதை அவளே கவனித்தாள்.

அந்த நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது. "பிரைவேட் பிராப்பர்ட்டி! கோ சம்வேர் எல்ஸ்!" மகள் நிமிரவில்லை. "அப்பா, மீன்பா" என்றாள். காதில் தமிழ் விழுந்ததும் அவரும் தமிழுக்கு மாறினார். "சார், வேற இடம் பாருங்க சார். இது எங்க டாக்." நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், பலகை கழுவ வைத்திருந்த ஹோஸ் பைப்பைத் திருப்பி, நரம்பு இறங்கியிருந்த இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சினார். எங்கள்மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. படாமல் பார்த்துக்கொண்டார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். மீன் போய்விட்டது. மகள் ஒன்றும் கேட்காமல் நரம்பைச் சுற்றி, முள்ளைக் கம்பின் வளையத்தில் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மீன் போனது பெரிதில்லை. அதற்குப் பிறகு எந்த டாக் பக்கம் படகு நெருங்கினாலும் அவள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். மேலே வீட்டு ஜன்னலில் ஆள் தெரிகிறதா என்று பார்க்கிறாள். அப்புறம்தான் கம்பைத் தொடுகிறாள். 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் ஜார்ஜியா அரசாங்கம் மீன்பிடி லைசென்ஸ்கூடக் கேட்பதில்லை. உங்கள் ஜன்னலிடம்தான் அவள் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

தயவுசெய்து உங்கள் டாக் பெர்மிட்டை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். இந்த ஏரி அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு, நாம் சுருக்கமாகக் 'கோர்' என்போமே, அவர்கள் 1950களில் புஃபர்ட் அணை கட்டி உண்டாக்கியது. உங்கள் மனை எல்லைக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கும் நிலம் அரசு நிலம். அதைத் தாண்டி டாக் போட உங்களுக்குக் கிடைத்திருப்பது, காலக்கெடு உள்ள ஓர் அனுமதி மட்டும். வீட்டை விற்றால் பெர்மிட் கூடவே போகாது, வாங்குகிறவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் நிபந்தனைகளிலேயே இன்னொன்றும் இருக்கிறது. டாக் இருக்கும் இடத்திலும் அதை ஒட்டியும் உள்ள பொது நீரையும் பொது நிலத்தையும் மக்கள் முழுமையாகவும் தாராளமாகவும் பயன்படுத்துவதை, பெர்மிட் வாங்கியவர் தடுக்க முயலக் கூடாது. மத்திய அரசின் விதித் தொகுப்பில் 36ஆம் தலைப்பு, 327.30ஆம் பிரிவோடு இருக்கும் நிபந்தனைப் பட்டியலில் இது அச்சாகியிருக்கிறது. அந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டுதான் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

டாக் பலகையில் ஏறி நிற்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. அதில் படகைக் கட்டவும் மாட்டேன். பலகை உங்கள் காசு. அதன் அடியில் இருக்கும் தண்ணீருக்காக ஜார்ஜியாவும் அலபாமாவும் புளோரிடாவும் 1990 தொடங்கி முப்பது வருடத்துக்கு மேல் கோர்ட் படி ஏறி இறங்கின. புளோரிடா போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2021இல்தான். இத்தனை வருடத்தில் மூன்று மாநில வக்கீல்களில் ஒருவருக்குக்கூட, தண்ணீரின் உண்மையான சொந்தக்காரர் ஹோஸ் பைப்போடு டாக்கில் நிற்கிறார் என்று தோன்றவில்லை பாருங்கள். 2007 டிசம்பரில் ஏரி நிரம்பு மட்டத்திலிருந்து சுமார் 20 அடி இறங்கி, டாக்குகள் செம்மண்ணில் உட்கார்ந்தபோது அந்தத் தண்ணீரை யாரும் துரத்திப் பிடித்து நிறுத்தியதாகவும் கேள்விப்படவில்லை.

கொஞ்சம் சூடாகிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

"இவ்வளவு பெரிய ஏரியில் வேறு இடமா இல்லை?" என்பதுதான் எப்போதும் வருகிற கேள்வி. 38,000 ஏக்கர் ஏரிதான், ஒப்புக்கொள்கிறேன். சனி ஞாயிறில் நடு ஏரிக்கு வந்து பாருங்கள். பலகையில் ஆளை நிறுத்தி இழுத்துப் போகும் வேக்போர்டு படகு கிளப்பும் அலையில் எங்கள் மாதிரிப் படகுக்குள் தண்ணீர் ஏறும், கயாக் என்றால் கவிழவே செய்யும். டாக்கிலிருந்து 100 அடிக்குள் எந்தப் படகும் ஊர்ந்துதான் போக வேண்டும் என்பது ஜார்ஜியா சட்டம். உங்கள் டாக்கையும் அதில் நிற்கிறவர்களையும் காப்பதற்காக வந்த அந்த 100 அடிதான் எங்களுக்கும் பாதுகாப்பு. குடாக்கள் நெடுக டாக்குகள்தான், ஏரி முழுக்க 10,000க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் "தள்ளிப் போ" என்றால், குழந்தையை வைத்துக்கொண்டு நான் தள்ளிப் போகும் இடம் அந்த அலைக்குள்தான். இதை யோசித்துப் பார்க்கிறவர் யாரும் ஹோஸ் பைப்பைத் தொடமாட்டார் என்று நம்புகிறேன்.

படகுகளை வாடகைக்கு நிறுத்திவைக்கும் மெரினாக்களின் கதை வேறு. அவை கோரிடம் குத்தகைக்கு இடம் எடுத்து நடத்துகிற வியாபாரம். அவர்களுடைய நடைமேடையில் மீன் பிடிக்காதே என்று பலகை வைத்தால் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடுகிறேன்.

உங்கள் பக்கத்திலும் நியாயமான மனக்குறை இருக்கிறது, மறைக்கவில்லை. முள் சிக்கினால் நரம்பை அறுத்துவிட்டு ஜிக்கை உங்கள் கயிற்றில் தொங்கவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது வெறுங்காலோடு குதிக்கிற பிள்ளையின் பாதத்தில் ஏறும். பான்டூன் படகின் உறையைக் கிழிக்கிறவர்கள், அலுமினியக் குழாயில் ஈயக் குண்டை 'டங்' என்று அடிக்கிறவர்கள், விடியற்காலை ஐந்தரைக்கு உங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே உரக்கப் பேசுகிறவர்கள், எல்லோரையும் எனக்குத் தெரியும். அவர்களைத் தாராளமாகக் கண்டியுங்கள். படகின் முன்பக்கம் பதிவு எண் பெரிதாக எழுதியிருக்கும், படம் பிடித்துப் புகார் கொடுங்கள். நானே சாட்சிக்கு வருகிறேன். அதற்காகச் சும்மா மீன் பிடிக்கிறவனையும் சேர்த்துத் துரத்துவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் மனதில் கிடந்து உறுத்துகிறது. நம்மில் பலர் வீடு வாங்கியிருக்கும் இந்த ஃபோர்சைத் கவுன்டி, 1912இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை ஒட்டுமொத்தமாக விரட்டிய இடம். 1987இல் இந்தக் கவுன்டியின் தலைமை ஊரான கம்மிங்கில் இனவெறியை எதிர்த்துப் பேரணி நடத்தியவர்கள் கல்லடி பட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் இங்கே வந்து பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடமா என்று மட்டும் விசாரித்து வீடு வாங்க முடிகிறது என்றால், "இது எங்கள் இடம், நீ போ" என்ற பேச்சை எதிர்த்து யாரோ நடந்ததால்தான். வந்து சேர்ந்த நாமே அதே வாக்கியத்தை, அதுவும் 'சார்' போட்டு, சொல்ல ஆரம்பித்திருக்கிறோம். சரி, ஒரு ஹோஸ் பைப்புக்கு இது ரொம்பப் பெரிய பேச்சு என்பீர்கள். இருக்கலாம். நம்மவர் வாயிலிருந்து வந்ததால்தான் எனக்கு வலித்தது.

ஆகவே மீண்டும் பணிவாகக் கேட்கிறேன், டாக் ஓரமாக மீன் பிடிக்கிறவர்களைத் துரத்தாதீர்கள். நீங்கள் டாக்கில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாலோ, பிள்ளைகள் நீந்திக்கொண்டிருந்தாலோ, ஒரு கை காட்டினால் போதும். சட்டம் பேசாமல் அடுத்த டாக்குக்குப் போய்விடுவோம், அது மரியாதை. யாரும் இல்லாத டாக்கின் நிழலில் நாங்கள் நிற்கப்போவது ஐந்து நிமிடம், அதற்கு மேல் அந்த மீனுக்கே பொறுமை இருக்காது. ஜூலை வந்துவிட்டால் இங்குள்ள ஸ்பாட்டட் பாஸ் வகை மீன்களில் பெரும்பகுதி 20, 30 அடி ஆழத்துக்கு இறங்கிவிடும், உங்களுக்கும் எங்கள் தொல்லை பாதியாகக் குறையும்.

உங்கள் குழுக்களை நடத்துகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பெர்மிட் நிபந்தனையை அப்படியே படம் எடுத்துக் குழுவில் ஒரு முறை போட்டுவிடுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம், இந்த மடலைச் சேர்க்கவும் வேண்டாம். புதிதாக டாக் வாங்குகிறவர்களுக்கும் அது பயன்படும்.

டாக்கின் சொந்தக்காரருக்கும் ஒரு வார்த்தை. உங்கள்மேல் கோபம் இன்னும் முழுக்கத் தீரவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் அடுத்த முறை எங்கள் படகு அந்தப் பக்கம் வரும்போது, முடிந்தால் கீழே இறங்கி வந்து, "என்னம்மா, மீன் கிடைச்சுதா?" என்று என் மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவளுக்கு அது போதும்.

இப்படிக்கு,
கம்மிங்கில் குடியிருக்கும் ஒரு தூண்டில்காரன்