சேலத்து ஸ்பீச் தெரபி சென்டர்களுக்கு: எங்களையும் உள்ளே விடுங்கள்

சேலத்தில் குழந்தைகளுக்கு ஸ்பீச் தெரபி சென்டர் நடத்துபவர்களுக்கும், அங்கே வேலை பார்க்கும் மேடம், சார் எல்லோருக்கும் வணக்கம்.

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். என் மகளுக்குப் பேச்சு தாமதம், அதனால்தான் உங்களில் சிலரை எனக்குத் தெரியும். கேட்க வந்தது ஒன்றுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தெரபி நடக்கும் அறைக்குள் பெற்றவர்களையும் விடுங்கள். ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க இல்லை. குழந்தையிடம் எப்படிப் பேசுவது, எப்போது வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக.

நாங்கள் போன ஒரு சென்டரில் குழந்தையை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், கதவைச் சாத்துவார்கள், முக்கால் மணி நேரம் கழித்து "இன்னிக்கு நல்லா உட்கார்ந்தா மேடம்" என்று சொல்லித் திருப்பித் தருவார்கள். நோட்டில் "கலர்ஸ், ஃப்ரூட்ஸ், ஐ கான்டாக்ட்" என்று எழுதியிருக்கும். உள்ளே என்ன செய்தார்கள், அதை வீட்டில் நான் எப்படிச் செய்வது என்று ஒரு வரி இருக்காது. கதவைத் திறந்து வைத்து அம்மா, அப்பா, பாட்டி என எல்லோரையும் தரையில் உட்காரவைத்துச் சொல்லித்தருபவர்களும் சேலத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கடிதம் தேவையில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 2 முறை, முறைக்கு 45 நிமிடம், மொத்தம் ஒன்றரை மணி நேரம். குழந்தை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் விழித்திருந்தால் வாரத்துக்கு 84 மணி நேரம். மீதி எண்பத்திரண்டரை மணி நேரமும் அது எங்களோடும், தாத்தா பாட்டியோடும், அங்கன்வாடியிலும்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அதனோடு பேசுகிற எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றால், ஒன்றரை மணி நேரத்தில் நீங்கள் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது எத்தனை தூரம் போகும்?

இது என் சொந்த யோசனை இல்லை, உங்கள் படிப்பிலேயே இருப்பதுதான். கனடாவின் ஹானன் முறை 1970களிலிருந்தே பெற்றோருக்குத்தான் பயிற்சி கொடுக்கிறது. திக்கிப் பேசும் சின்னக் குழந்தைகளுக்காக ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம் முறையில் தினமும் வீட்டில் தெரபி கொடுப்பவரே அம்மாவோ அப்பாவோதான், தெரபிஸ்ட் வாரம் ஒருமுறை பார்த்து வழிகாட்டுகிறார். அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுத்து, அப்புறம் அதைச் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, "இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?" என்கிற மாதிரி பேசுவதுதான் முறை. வழிநடத்தியவர்கள் தெரபிஸ்ட்டுகள்கூட இல்லை, இதற்கென்று பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். குழந்தையின் போக்குக்கு ஏற்றபடி பெற்றோர் பதில் கொடுப்பது கூடியது, குழந்தைகள் தாங்களாகவே ஏதாவது சொல்ல, காட்ட, கேட்க வருவதும் கூடியது. இருவரும் சேர்ந்து ஒரே விஷயத்தில் கவனம் வைக்கும் நேரம் மட்டும் குறைந்தது, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் செய்ய முடிந்ததைச் சேலத்தில் செய்ய முடியாதா?

எங்களுக்குத் தெரியவேண்டியது என்ன என்று கேட்டால், சின்னச் சின்ன விஷயங்கள்தான். பிள்ளை பேசவில்லை என்றால் வீட்டில் எல்லோரும் கேள்வியாகக் கேட்டுத் துளைக்கிறோம். "இது என்ன? சொல்லு. சொன்னாத்தான் தருவேன். அத்தை சொல்லு, அத்தைக்கு ஹாய் சொல்லு." குழந்தை இன்னும் சுருங்கிப்போகிறது. அது எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி நாம் ஒரு சின்ன வாக்கியம் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்கலாம் என்று யாராவது காட்டிக்கொடுத்தால்தான் தெரியும். அது "பஸ்" என்றால் "பஸ் திரும்புது", "காப்பி" என்று டம்ளரை நீட்டினால் "காப்பி சுடுது", அவ்வளவுதான், அது சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டி. கை நீட்டிக் காட்டுவதும், கையைப் பிடித்து இழுப்பதும், முகம் திருப்புவதும் பேச்சுக்கு முந்தைய பேச்சு, அதற்கும் பதில் கொடுக்கவேண்டும். இதையெல்லாம் நோட்டில் எழுதினால் புரியாது. நான் செய்வதை நீங்கள் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, இப்ப பாருங்க" என்று பக்கத்திலிருந்து சொன்னால் புரியும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆப்பிள், பால் (ball), கேட் (cat) என்று இங்கிலீஷ் அட்டைகளைக் காட்டிப் பழக்குகிறீர்கள், வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசச் சொல்கிறீர்கள், ஸ்கூலுக்கு உதவும் என்று. காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் வளரும் குழந்தைக்கு மிளகும் பலாப்பழமும் சொம்பும் குண்டானும்தான் தினமும் கண்ணில் படுகின்றன. சேலத்துக்குள்ளேயே தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் எத்தனை இருக்கின்றன. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை, இருப்பது மோசமாவதும் இல்லை. பாட்டியின் மொழியை நிறுத்தச் சொன்னால், நாள் முழுக்க குழந்தையோடு இருக்கும் ஒரே ஆளுக்கும் அதனிடம் பேச வழியில்லாமல் போகிறது. அப்புறம், நாலு வயதுக் குழந்தை "வாயப்பயம்" என்றால் அதை உடனே திருத்த வாரக்கணக்கில் உட்காரவைக்கவேண்டாம். ழகரம் எல்லோருக்குமே தாமதமாக வருகிற ஒலி, அதைவிட அந்தக் குழந்தை வாழைப்பழம் வேண்டும் என்று கேட்டதல்லவா பெரிய விஷயம்?

அம்மா உள்ளே இருந்தால் குழந்தை அழும், ஒத்துழைக்காது என்பீர்கள். சில குழந்தைகள் அப்படித்தான், முதல் சில வாரம் கஷ்டமாக இருக்கும். ஆனால் அம்மா இல்லாத அறையில் மட்டும் வரும் பேச்சு யாருக்கு வேண்டும்? இன்னொன்று, வெளியே யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்: எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டால் பெற்றோர் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் இருக்கலாம். வாடகை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, புரிகிறது. உங்களிடம் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் நாலு வருடம் படித்து முடித்துவிட்டு, ஒரு நாளில் மூச்சு விட நேரமில்லாமல் ஒரு குழந்தைக்குப் பின் ஒரு குழந்தை என்று பார்க்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நேரத்துக்கும் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். தருகிறோம்.

சுருக்கமாக இன்னும் சில. காது கேட்கும் பரிசோதனை, பெராவோ ஓ.ஏ.இ.யோ, பார்க்காமல் எந்தக் குழந்தைக்கும் தெரபி தொடங்காதீர்கள். விசில் ஊதவைப்பதும் நாக்கைத் தேய்ப்பதும் பேச்சைக் கொண்டுவரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, வீட்டில் வசம்பு தேய்க்கும் பாட்டிகளை நாங்கள் சமாளிக்கிறோம், நீங்களும் அதையே வேறு பெயரில் செய்யாதீர்கள். வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கக் குழந்தையைப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்று பயமுறுத்தாதீர்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை, படமும் செயலியும் பேச்சுக்குத் தடையாக இருந்ததில்லை. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி, குழந்தை படத்தைத் தொட்டால் தமிழிலும் பேசுகிறது, அதை எங்களுக்குச் சொன்னவர் இன்னொரு குழந்தையின் அம்மாதான், எந்த சென்டரும் இல்லை.

மலையில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன். ஒரு தெரபிக்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பஸ்ஸில் வாந்தி எடுத்த குழந்தையைத் துடைத்து, திரும்ப மலையேறுவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. காப்பி பறிக்கும் மாதங்களில் பலர் வருவதே இல்லை, அதைப் பார்த்துவிட்டு "பேரன்ட்ஸுக்கு அக்கறை இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. அது மாதிரி நாட்களில் நாங்கள் வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதைப் பார்த்து போனில் பத்து நிமிடம் பேசுங்கள். கற்றுக்கொடுத்திருந்தால் அந்தப் பத்து நிமிடமே எங்களுக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

இதற்குச் சம்மதிக்கும் சென்டர்கள், அம்மா, அப்பா, பாட்டி யாரும் உள்ளே வரலாம் என்று வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து எங்கள் பெற்றோர் குழுவில் போடுகிறேன். நாகலூரிலும் மஞ்சக்குட்டையிலும் எங்கே போவதென்று தெரியாமல் இருப்பவர்களை நேராக உங்களிடம் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா